வாகான பந்து

கன்னிகா சர்வீஸ் போடுவதைப் பார்த்தவர்கள் சித்தூரில் ஐந்தாறு பேர் இருப்பார்கள். பார்த்ததாகச் சொல்லிக்கொள்பவர்கள் ஐயாயிரம் பேர். பந்து ராக்கெட்டை விட்டுக் கிளம்பும், எதிரில் நிற்பவள் கண்ணைச் சிமிட்டுவாள், சிமிட்டி முடிப்பதற்குள் பந்து பின்வேலியில் மோதிக் கீழே விழுந்து ஒரு குட்டித் தூக்கமும் போட்டிருக்கும். திருப்பதி கோர்ட்டில் அவள் அடித்த ஒரு சர்வீஸின் சத்தத்துக்கு மலைமேல் தரிசன வரிசையில் நின்ற யாரோ பயந்துபோய்க் கோவிந்தா போட்டார் என்று ஒரு பேச்சு உண்டு. கொஞ்சம் கூட்டிச் சொல்கிறார்கள்தான். ரொம்ப இல்லை.

அந்தக் கையை நம்பித்தான் அவள் பதினேழு வயதில் கிளம்பினாள். துருக்கி, எகிப்து, தாய்லாந்து என்று பள்ளிக்கூட பூகோளத்தில் வராத சந்துகளுக்கெல்லாம் போனாள். குளியல் தொட்டியில் துவைத்த சட்டையை ஈரத்தோடு போட்டுக்கொண்டு ஆடினாள். வெயில் ஏறுவதற்குள் அது அவள் மேலேயே காய்ந்துவிடும். உலக ரேங்க் நானூற்றுச் சொச்சம் வரை போயிற்று. உலகத்துப் பெண்கள் எல்லாரையும் கோர்ட் ஓரத்தில் வரிசையாக நிறுத்தினால் அவளுக்கு முன்னால் நானூறு தலைதான். ஆனால் டென்னிஸில் நானூறாவது ஆளை அவள் தங்கியிருக்கும் லாட்ஜின் வாட்ச்மேனுக்கே அடையாளம் தெரியாது. இன்னும் முந்நூறு தலையைத் தள்ளிவிட்டால் போதும் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தபோது தோள் போயிற்று. சென்னையில் ஆபரேஷன் செய்தார்கள். இரண்டு வருஷம் கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது என்றார்கள்.

தோள் ஆறும் வரைக்கும் என்று சொல்லித்தான் திருப்பதி கிளப்பில் கோச்சிங் வேலைக்குச் சேர்ந்தாள். அந்த ஆறும் வரைக்கும் ஏழு வருஷமாக நீண்டது.

கோச்சின் வேலையில் முக்கால்வாசி ஃபீடிங். கூடை நிறையப் பந்தை வைத்துக்கொண்டு, வலைக்கு இந்தப் பக்கம் நின்று, ஒவ்வொன்றாக அந்தப் பக்கம் அனுப்ப வேண்டும். பிள்ளையின் கைக்கு வாகாக, இடுப்பு உயரத்தில், அவசரப்படாமல் போய் நிற்க வேண்டும். கன்னிகாவின் பந்து அப்படி நின்றது. லட்டு கவுண்டரில் ஊழியர் லட்டை எடுத்துக் கையில் வைப்பாரே, அப்படி வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு ராக்கெட்டை வீசினாலும் பந்து பட்டுவிடும். பட்டாணிக் கடைக்காரர் மகனிலிருந்து பல் டாக்டர் மகள் வரை எல்லாப் பிள்ளைகளும் தாங்கள் பிறவி மேதைகள் என்று நம்பி வீட்டுக்குப் போனார்கள். பெற்றவர்கள் கன்னிகாவைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

அவள் மட்டும் யார் கேட்டாலும் ஒன்றையே சொன்னாள். "நான் பிளேயர். இப்போத்திக்கி கோச்சிங் பண்ணிக்கினு இருக்கறேன்."

முப்பத்து நாலு வயதில் தோள் நிஜமாகவே ஆறிவிட்டது. ஒரு வருஷமாகப் பிள்ளைகள் வருவதற்கு முன்னால் வந்து தனியாக சர்வீஸ் போட்டுப் பார்த்தாள். பழைய இடி திரும்பியிருந்தது. அந்த ஜூன் மாதம் திருப்பதியிலேயே ஒரு ஓப்பன் போட்டி நடந்தது. ஜெயிப்பவருக்குப் பெங்களூரில் நடக்கும் சர்வதேசப் போட்டியில் நேரடி இடம். அதில் ஒரு சுற்று ஜெயித்தாலும் ரேங்கில் பெயர் ஏறும். மறுபடி பெட்டியைக் கட்டலாம்.

கிளப் செக்ரட்டரி கோபிகிருஷ்ணன் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டார். இந்த வயசில் எதற்கம்மா இதெல்லாம் என்று இரண்டு நாள் தெலுங்கிலும் ஒரு நாள் தமிழிலும் கேட்டுப் பார்த்தார். ஜெயித்தால் வேலையை விட்டுவிடுவேன் என்றாள் கன்னிகா. தோற்றால் என்று அவர் கேட்டதற்கு, தோற்றால் நான் பிளேயர் இல்லை என்று அர்த்தம், அப்புறம் நீங்கள் சொல்லுகிறபடி இருக்கிறேன் என்றுவிட்டாள்.

முதல் மூன்று சுற்றும் ஆட்டமே இல்லை. சர்வீஸ்தான். எதிரில் வந்த பெண்கள் ராக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார்கள். பந்து அந்தப் பக்கமிருந்து திரும்பி வந்தால்தானே இந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று தெரியும். யாருக்கும் தெரியவில்லை, கன்னிகாவுக்கும் தெரியவில்லை.

பைனலில் பிரித்திகா வந்தாள். பதினெட்டு வயசு. அப்பா சந்திரன் ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் இன்ஜினியர், குடும்பம் சத்தியவேட்டில். பெண் தினமும் சென்னைக்குப் பஸ் ஏறிப் போய் ஆடிவிட்டு வருகிறவள். ஒல்லியாக, கொசுவலைக் கம்பு மாதிரி இருந்தாள். முதல் செட் கன்னிகாவுக்கு வந்துவிட்டது. இரண்டாவது செட்டில் அந்தக் கம்பு இரண்டடி பின்னால் தள்ளி நின்று சர்வீஸைத் திருப்பி அனுப்ப ஆரம்பித்தது.

ஏழு வருஷம் கழித்துக் கன்னிகா நிஜமாக ஒரு பந்தைத் திருப்பி அடிக்க வேண்டி வந்தது. அடித்தாள். பந்து போய்ப் பிரித்திகாவின் வலக்கைக்கு நேராக, இடுப்பு உயரத்தில் நின்றது. பிரித்திகா அதை மூலைக்கு அடித்தாள். தற்செயல் என்று நினைத்தாள் கன்னிகா. அடுத்த பந்தை இடது மூலைக்குக் குறிவைத்தாள். கண் மூலையைப் பார்த்தது, கால் மூலைக்குத் திரும்பியது, தோளும் சரியாகத்தான் சுழன்றது. கடைசி நொடியில் மணிக்கட்டு மட்டும் இளகியது. பந்து மறுபடி பிரித்திகாவின் கைக்கே போயிற்று, முகூர்த்த வீட்டில் தாம்பூலம் போவது மாதிரி, மரியாதையாக.

கோபம் வந்தது. பலமாக அடித்தாள், பலமாக, பிரித்திகாவின் கைக்கே போயிற்று. கண்ணை வேறு பக்கம் வைத்துக்கொண்டு அடித்துப் பார்த்தாள். போனால் போகட்டுமென்று கோட்டுக்கு வெளியே அடிக்கப் பார்த்தாள், அதுகூடப் போகவில்லை. அந்தச் செட் போயிற்று.

தகரக் கூரையின் நிழலில், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அவளுடைய அப்பா ஆதிநாராயணன் உட்கார்ந்திருந்தார். கன்னிகா திரும்பிப் பார்த்தபோது அவர் கோர்ட்டைப் பார்க்கவில்லை. தன்னுடைய வலக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் சித்தூரில் ஆபீசர்கள் வரும் கிளப்பில் முப்பது வருஷம் மார்க்கராக இருந்தவர். ஆட வரும் ஆபீசர்களுக்கு எதிரே நின்று ஆடிக்கொடுக்கும் ஆளுக்கு மார்க்கர் என்று பெயர். ஆபீசர் ஓடக் கூடாது, குனியக் கூடாது. பந்துதான் தொப்பையைச் சுற்றிக்கொண்டு அவர் ராக்கெட்டுக்கு வர வேண்டும். கடைசியில், சந்தேகம் வராத அளவுக்குப் போராடி, மார்க்கர் தோற்க வேண்டும். ஆதிநாராயணன் தோற்பதில் இருந்த அழகுக்கு ஒலிம்பிக்கில் ஒரு மெடல் வைத்திருந்தால் நாட்டுக்கு நாலு வருஷத்துக்கு ஒரு தங்கம் நிச்சயம். காலையில் அவரை ஜெயித்துவிட்டுப் போன ஒரு ஜட்ஜ் அந்தச் சந்தோஷத்தில் அன்றைக்கு எதிரே நின்றவர்களுக்கெல்லாம் ஜாமீன் கொடுத்தார் என்று கேள்வி.

அதே கிளப்பில்தான் கன்னிகா ஆடக் கற்றாள், சுவரோடு. மகளோடு அவர் ஒருநாளும் ஒரு பந்துகூட ஆடியதில்லை. கல்நெஞ்சக்காரர் என்றார்கள். அவள் அழுதுகொண்டு கேட்டபோது, செவுரு உனுக்கு எரக்கம் பாக்காதும்மா என்று மட்டும் சொல்லிவிட்டு வலையைச் சுருட்டப் போய்விட்டார். தன் பந்து அவள் கைக்கு ஒட்டிவிடும் என்று பயந்தார். ஒட்டாமல்தான் வளர்த்தார். அவரிடமிருந்து வராதது கோச்சிங் கூடையிலிருந்து வந்துவிட்டது.

மூன்றாவது செட்டை சர்வீஸ் ஒன்றை வைத்துக்கொண்டே கன்னிகா இழுத்தாள். வெயில் ஏறி கோர்ட்டின் பச்சை பெயிண்ட் ஆம்லெட் போடும் சூட்டுக்கு வந்துவிட்டது. இழுத்து இழுத்து, இன்னும் ஒரு பாயிண்ட் எடுத்தால் அவளுக்கு மேட்ச் என்ற இடத்துக்கே வந்துவிட்டாள். சர்வீஸ் போட்டாள். பிரித்திகா வலது ஓரத்துக்குப் பாய்ந்து எப்படியோ தட்டினாள். தட்டிய வேகத்தில் கால் வழுக்கி உட்கார்ந்தாள். பந்து செத்த பிராணியாக வலைக்குப் பக்கத்தில், நடுவில் எழும்பியது. இடது பக்கம் முழுக் கோர்ட்டும் காலி. ஒரு லாரியையே திருப்பி நிறுத்தலாம்.

கன்னிகா முன்னால் ஓடிவந்தாள். தள்ளினால் போதும். எட்டு வயதுப் பிள்ளையே தள்ளிவிடும்.

கீழே உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்தாள். கை தானாக நிதானித்தது. பாவம், எழுந்திருக்கட்டும் என்பதுபோல் அரை நொடி தாமதித்தது. பிறகு பந்தை எடுத்து, எழுந்துகொண்டிருந்த பிரித்திகாவின் ராக்கெட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தது. பிரித்திகா நம்ப முடியாமல் ஒரு வீசு வீசினாள். பந்து கன்னிகாவைத் தாண்டிப் போயிற்று.

அதற்கப்புறம் ஆட்டம் ரொம்ப நேரம் நடக்கவில்லை.

வலையருகே கை குலுக்கும்போது பிரித்திகாவுக்கு முகமெல்லாம் பல். "அக்கா, உங்க பந்து ஆடறதுக்கு எவ்ளோ நல்லா இருக்கு தெரியுமா? எங்க கோச்சே எனக்கு இப்டிப் போட்டதில்ல" என்றாள். பாராட்டாகத்தான் சொன்னாள். கன்னிகாவுக்குக் கத்தியைச் செருகி மெதுவாகத் திருகியது போலிருந்தது.

சந்திரன் ஓடிவந்தார். நல்ல மனுஷன், கையைக் கட்டிக்கொண்டு பேசினார். பெங்களூர் போட்டிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, அதுவரைக்கும் பெண்ணை இவளிடம் விடலாமா, அப்படியே கூடப் பெங்களூருக்கும் வர முடியுமா என்று கேட்டார். முகத்தைக்கூட இன்னும் துடைக்காத கன்னிகா, "அனுப்புங்க சார்" என்று சொல்லிவிட்டாள். சொன்ன வேகம் அவளுக்கே திகிலாக இருந்தது. கை மட்டும் என்று நினைத்திருந்தாள். வாயும் அப்படித்தான் ஆகியிருந்தது. கோபிகிருஷ்ணன், தானே கோப்பை ஜெயித்தவர் போல ஒரு இளநீரைச் சீவி எடுத்துக்கொண்டு வந்தார். அதையும் வாங்கிக் குடித்தாள்.

சாயங்காலம் சித்தூர் பஸ்ஸில் அப்பாவும் மகளும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். மலையிலிருந்து இறங்கிய மொட்டைத் தலைகளால் பஸ் நிறைந்து சந்தன வாசனை அடித்தது. சந்திரகிரி தாண்டியதும் கன்னிகா அப்பா பக்கம் திரும்பினாள்.

"எப்ப தெரிஞ்சிது நைனா?" என்றாள்.

"ரெண்டாவுது செட்டு ஆரம்பத்துலயே."

"உனுக்கும் இப்டித்தானா? நெனச்சாக்கூட முடியாதா?"

ஆதிநாராயணன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார். ஒரு சமயம் வாலிப சப்-கலெக்டர் ஒருத்தர் வந்தாராம். நன்றாக ஆடுகிறவர். இந்தப் பம்மாத்தெல்லாம் வேண்டாம், ஒருநாள் என்னோடு நிஜமாக ஆடு என்றாராம். சரி என்று இறங்கினார். தோற்றார். என்னை மதிக்காமல் விட்டுக்கொடுத்துவிட்டாய் என்று அந்த ஆபீசர் மாற்றலாகிப் போகிற வரைக்கும் முகம் கொடுத்துப் பேசவில்லையாம்.

"அன்னிக்கி நான் நெசமாத்தான் ஆடனேம்மா. யாராண்டயும் சொல்லல."

கன்னிகா கேட்டாள். "நாம ரெண்டு பேரும் ஒருநாள் ஆடலாமா நைனா? கெலிக்கறதுக்கு."

"ஆடனா? நான் உன் கைக்கிக் குடுப்பேன். நீ என் கைக்கிக் குடுப்பே. பொழுது எறங்கற வரைக்கும் பந்து கீழயே உழாது."

கன்னிகா சிரித்தாள். அடக்க முடியாத சிரிப்பு; முன் சீட்டு மொட்டைகள் எல்லாம் ஒருசேரத் திரும்பின. சிரித்துக்கொண்டே இருந்தாள், சிரிப்பு எங்கே முடிந்து மற்றது எங்கே தொடங்கியது என்று பக்கத்தில் இருந்தவருக்குத் தெரியவில்லை. அவர் தலைத்துண்டை எடுத்து அவள் மடியில் போட்டுவிட்டு, தூங்குகிறவர் மாதிரி கண்ணை மூடிக்கொண்டார்.

போனில் பிரித்திகாவின் மெசேஜ் வந்தது. நாளைக்கு எத்தனை மணிக்கு வரட்டும் என்று கேட்டிருந்தாள். ஆறு என்று பதில் போட்டாள் கன்னிகா. உடனே இன்னொன்று வந்தது. அக்கா, பெங்களூர்ல நீங்க எங்க உக்காருவீங்க, நான் திரும்பிப் பாத்தா தெரியணும்.

கன்னிகா அதை இரண்டு தரம் படித்தாள். நீ சொல்ற எடத்துல என்று அடித்து அனுப்பினாள்.

சித்தூருக்குள் நுழையும் இடத்தில் மாம்பழக் கூழ் பாக்டரிக்குப் போகும் மாங்காய் லாரிகள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. பஸ் நின்றது. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கினார்.