உதயராஜுக்குச் சிங்களம் தெரியாது

கோச் கொடிகாரவின் கண்ணுக்கு இனம் தெரியாது. இதை நான் சொல்லவில்லை, அவரே சொன்னது. கொழும்பிலிருந்து வந்து இறங்கிய முதல் நாளே, மாத்தளை மைதானத்தில் எங்கள் மலைச்சுடர் உதைபந்தாட்டக் கழகத்துப் பொடியன்களை வரிசையில் நிறுத்திவிட்டு நெஞ்சில் கைவைத்துச் சொன்னார். “எனக்குச் சிங்களவன் இல்லை, தமிழன் இல்லை, முஸ்லிம் இல்லை. பந்து மட்டும்தான் தெரியும்.”

சொல்லிவிட்டு ஒவ்வொருத்தனிடமும் பெயரைக் கேட்டார். பெயரைக் கேட்டதும் ஆடும் இடத்தைச் சொன்னார்.

றம்ஸீன் என்றதும் முகம் மலர்ந்தது. “வியாபாரப் புத்தி. தந்திரம் இருக்கும். முன்னுக்கு நில்.” றம்ஸீனின் வாப்பா கரண்ட் வேலை செய்கிறவர். மகன் கடைக்குப் போனால் மிச்சக் காசை வாங்க மறந்துவிட்டு வருகிறவன். அடுத்தவன் நாவுலையிலிருந்து வருகிற சிங்களப் பொடியன் தனுக. “தலைமை தாங்குகிற முகம். நடுவில் நில், நீதான் கப்டன்.” தனுக பாவம், பந்தை எதிரியின் காலிலிருந்து பிடுங்குவதில் சூரன். பிடுங்கிய பந்தை யாருக்குக் கொடுப்பது என்று கேட்டால் முழிப்பான்.

உதயராஜிடம் மட்டும் இரண்டு கேள்வி. பெயர் என்ன, எந்தத் தோட்டம். ரிவர்ஸ்டன் போகிற பாதையில் ஒரு தேயிலைத் தோட்டத்தைச் சொன்னான். “மலை ஏறுகிற பிள்ளைகளுக்கு நுரையீரல் பெரிசு,” என்றார் கோச். “இடப்பக்கம் பின்வரிசை. மேலே ஓடு, கீழே ஓடு. அவ்வளவுதான்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் யஹ்யா, பொடியன்களுக்கு நானா, அதாவது அண்ணன். இந்தக் கழகத்துக்குப் பல வருஷம் கோல் காத்து முழங்காலைத் தொலைத்தவன். நடுவில் நின்று ஆடுகிறவர்கள் எத்தனையோ பேரை முதுகுப் பக்கமிருந்து பார்த்திருக்கிறேன். உதயராஜ் மாதிரி ஒருத்தன் இல்லை. பந்து காலுக்கு வருமுன்னே அது எங்கே போகவேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். றத்தோட்டை ஹாட்வெயார் கடையில் சீமெந்து மூட்டை தூக்குகிறான். இந்த வருஷக் கோப்பைப் போட்டியின் இறுதி ஆட்டத்தைப் பார்க்கக் கொழும்பு லீக் கழகம் ஒன்றிலிருந்து ஆள் வருகிறது, நடுவில் ஆட ஒருத்தனைத் தேடுகிறார்கள், இருபத்துமூன்று வயதுக்கு மேல் எடுக்கமாட்டார்கள். உதயராஜுக்குத் தை பிறந்தால் இருபத்துநாலு. இந்த முறை நடுவில் ஆடாவிட்டால் ஆயுளுக்கும் சீமெந்துதான்.

கோச்சுக்கு இன்னொரு கொள்கையும் இருந்தது. நியாயம். தமிழில் ஒரு சொல்லும் தெரியாத மனுஷன், தமிழ் பேசுகிற பிள்ளைகளுக்குத் தமிழிலேயே சொல்லவேண்டும், மொழிபெயர்க்க ஓர் ஆள் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். கழகத் தலைவர் ஜைனுதீன் ஹாஜியார் என்னைக் கைகாட்டிவிட்டார். மாத்தளையில் பிறந்து சிங்களம் தெரியாத பொடியன் ஒருத்தனை எனக்குக் காட்டுங்கள் பார்ப்போம். உதயராஜ் காலை தொட்டு மாலை வரை அந்தக் கடையில் சிங்களத்தில்தான் ஆணி விற்கிறான். அதைச் சொல்ல வாயெடுத்தேன். உதயராஜ் என் காலை மிதித்தான்.

“சும்மா இருங்க நானா. நீங்க மொழிபெயர்க்கிற நேரத்துல நாங்க மூச்சு வாங்கிக்குவோம்ல.”

அப்படியே நடந்தது. கோச் கண்ணை மூடச் சொல்வார். “நீ ஒரு சிங்கம். உனக்குள் இருக்கிற சிங்கத்தைப் பார்.” எல்லாருக்கும் சிங்கம்தான், வேறு மிருகம் கேட்க வழியில்லை. நான் தமிழில், “தண்ணியக் குடிங்கடா, காலை நீட்டி ஒக்காருங்க,” என்பேன். பொடியன்கள் பக்தியோடு தலையாட்டுவார்கள். கோச் பூரித்துப்போவார். ஆட்டத்தின்போது இதே பொடியன்கள் தனுகவிடம் சிங்களத்தில் பந்து கேட்பது அவர் காதில் விழத்தான் செய்தது. இனம் பார்க்காத மனுஷனுக்குக் காதும் அப்படித்தான் போலிருக்கிறது. ஹஜ்ஜுப் பெருநாளன்று உதயராஜைக் கட்டிப்பிடித்து ஈத் முபாரக் சொன்னவரிடம் வேறு என்னத்தை எதிர்பார்க்கிறது.

இறுதி ஆட்டம் வந்தது. எதிரில் கம்பளைக்காரர்கள். கொழும்பிலிருந்து வந்த ஆள் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாகப் பந்தலில் உட்கார்ந்திருந்தார். முதல் பாதி முழுக்க உதயராஜ் கோட்டோரமாக மேலே ஓடினான், கீழே ஓடினான். நடுவில் தனுக பந்து வரும்போதெல்லாம் சூடான இரும்பை மிதித்தவன்போல் எங்கேயோ தட்டிவிட்டான். இடைவேளைக்கு நாங்கள் ஒரு கோல் பின்னால்.

ஹாஜியார் பதறிக்கொண்டு இறங்கி வந்தார். உதயராஜை நடுவுக்குப் போட்டால் என்ன என்று அவரே கோச்சிடம் சிங்களத்தில் கேட்டார். கோச் சிரித்தார். உதயராஜ் எட்டிப் பிடிக்கும் தூரத்தில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்துக்கொண்டே கோச் சிங்களத்தில் சொன்னார். “ஹாஜியார், தோட்டத்து லயத்துப் பிள்ளைகளுக்கு ஆண்டவன் கால் கொடுத்தான். மூளை கொடுக்கவில்லை. நடுவில் நிற்க மூளை வேண்டும்.”

ஹாஜியாரும் ஹி ஹி என்று சிரித்தார். வெட்கமாக இருந்தது எனக்கு. வெள்ளிக்கிழமை தவறாமல் முதல் வரிசையில் தொழுகிற மனுஷன்.

கோச் உடனே முகத்தை மாற்றிக்கொண்டு உதயராஜின் தோளில் கைபோட்டார். “யஹ்யா, இவனுக்குச் சொல். என் பார்வையில் இவனும் தனுகவும் ஒன்று. இவனை நான் முழுசாக நம்புகிறேன்.”

உதயராஜ் தண்ணீர்ப் போத்தலை மூடினான். மூடி சரியாகப் பொருந்தவில்லை, திரும்பத் திரும்பத் திருகினான். என்னைப் பார்த்தான். அவன் கண்ணில் தண்ணீர் நின்றதைப் பார்த்ததும் எனக்கு மண்டைக்குள் என்னவோ வெடித்தது. இத்தனை மாதம் விளையாட்டுக்குப் பொய் சொன்ன வாய், அன்றைக்குக் காரியத்துக்குப் பொய் சொன்னது.

“கோச் ஸேர் சொல்றாரு, ரெண்டாம் பாதில உதயராஜ் நடுவுல. தனுக பின்னுக்குப் போறான். றம்ஸீன், நீ உதயன் காலைப் பாத்துக்கிட்டே ஓடு. வெளங்கிச்சா?”

எல்லாருக்கும் விளங்கியது. கோச் சொன்னதும் விளங்கியது, நான் சொன்னதும் விளங்கியது. இவர்களோடு ஆடி ஆடித் தமிழ் பிடிபட்டுப்போன தனுக, சுமை இறக்கியவன்போல் பெருமூச்சு விட்டான். இரண்டு பாஷையும் தெரிந்த பெரிய மனுஷன் அங்கே ஹாஜியார் ஒருத்தர்தான். அவர் என்னை முறைத்தார். பிறகு கோப்பை வைத்திருந்த மேசையைப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்து மழை வரும்போல இருக்கிறது என்றார்.

விசில் கேட்டது. உதயராஜ் நடுவில் போய் நின்றான். கோச் கோட்டுக்கு ஓடிப்போய்ச் சிங்களத்தில் கத்தினார். “ஏய், உன் இடத்துக்குப் போ!”

உதயராஜ் காதில் கைவைத்துக் காட்டினான். ஸேர், சிங்களம் தெரியாது.

“யஹ்யா, சொல்லித் தொலை அவனுக்கு!”

நான் நொண்டிக்கொண்டே கோட்டுக்குப் போய் அடிவயிற்றிலிருந்து கத்தினேன். “உதயா, அங்கேயே நில்லு! அசையாதே!”

பந்தலில் இருந்த சனம் சிரித்த சிரிப்பில் தகரம் அதிர்ந்தது. கோச் மட்டும் திருப்தியோடு தலையாட்டினார். பொடியன் இன்னும் நகராததைக் கண்டு மாற்று ஆளைக் கூப்பிடத் திரும்பினார். திரும்பிய நேரத்தில் உதயராஜ் மூன்று பேருக்கு நடுவால் ஒரு பந்தைத் தள்ளினான், றம்ஸீன் அதை வலைக்குள் போட்டான். கோச் மாற்று ஆளை உட்காரச் சொன்னார். “பார்த்தீர்களா ஹாஜியார், என் திட்டத்தை?”

இரண்டாவது கோலும் அப்படியே. தனுக பிடுங்கினான், உதயராஜ் கொடுத்தான், றம்ஸீன் அடித்தான். கோப்பை எங்களுக்கு. ஹாஜியார் என்னைக் கட்டிப்பிடித்து, “மொழிபெயர்ப்புண்டா இப்படித்தான் இரிக்கணும்,” என்று காதில் சொன்னார். இடைவேளையில் சிரித்த வாய்தான் அதுவும்.

கொழும்பு ஆள் இறங்கி வந்தார். நேராக உதயராஜிடம் போய், எந்த இடத்தில் ஆடுவாய் என்று சிங்களத்தில் கேட்டார். கோச் குறுக்கே விழுந்தார். “பொறுங்கள், இவனுக்கு விளங்காது. யஹ்யா!”

நான் உதயராஜையே கைகாட்டினேன். உதயராஜ் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, ஆணி விற்கிற அதே சரளத்தில், சிங்களத்தில் சொன்னான். “நடுவில்தான் ஸேர். பின்வரிசையில் ஓடியது, இங்கே நடுவில் நிற்க மூளை வேண்டும் என்று சொன்னதனால். எனக்குக் கால் மட்டும்தான் இருக்கிறதாம்.”

கொழும்பு ஆள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கோச்சை ஒரு பார்வை பார்த்தார். பிறகு உதயராஜிடம், “வெள்ளிக்கிழமை கொழும்புக்கு வந்துவிடு. நடுவில்தான் ஆள் தேடுகிறோம்,” என்றார்.

கோச் கொடிகாரவின் முகம் வெளுத்துச் சிவந்தது. சரி, மனுஷன் இனியாவது திருந்துவான் என்று நினைத்தேன். அவர் ஒரு மூச்சு இழுத்தார், உதயராஜின் தோளில் மறுபடியும் கையைப் போட்டார், கொழும்பு ஆளைப் பார்த்துச் சொன்னார்.

“பார்த்தீர்களா? நான் வரும்போது இந்தப் பிள்ளைக்கு ஒரு சொல் சிங்களம் தெரியாது. எல்லாம் என் பயிற்சி.”

உதயராஜ் அந்தக் கையை மெதுவாக எடுத்துக் கீழே விட்டான். என் பக்கம் திரும்பினான்.

“நானா, ஸேர் இப்ப சொன்னது மட்டும் எனக்கு வெளங்கல. கொஞ்சம் தமிழ்ல சொல்லுங்க.”

சொன்னேன். நான் சொன்ன தமிழை இங்கே எழுத முடியாது.