காருக்குப் புருவம்

பாத்திரம் தேய்க்கும் சோப்பைத் தொட்டு, ஒரு பழைய பல் பிரஷ்ஷால் புருஷனின் கட்டைவிரல் நகத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள் தையல்காரம்மா. கிரீஸ் போவதாகக் காணோம். மற்ற விரல்களெல்லாம் ஒருவழியாக மனுஷ விரல்களாகிவிட்டன. இந்த ஒரு நகத்துக்கு அடியில் மட்டும் கறுப்புக் கோடு அசைய மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தது.

முன்னறையில் சோபாவை ஓரங்கட்டிவிட்டுப் பெட்டியை நடுவில் வைத்திருந்தார்கள். அதற்குள் லிப்ட்காரர் இஸ்திரி போட்ட சட்டையில், வாழ்நாளில் இல்லாத ஒழுங்கோடு படுத்திருந்தார். ஊரில் பாதிக் கட்டடங்களின் லிப்டை ரிப்பேர் பார்த்த மனுஷன். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, எவன் வீட்டுக் கொல்லையிலோ கோழி அடைந்துகொண்டிருந்த ஒரு பழைய காரை லாரியில் ஏற்றிவந்து பின்பக்கத்து ஷெட்டில் இறக்கினார். அன்றோடு அவளுக்குப் புருஷன் இல்லை. நேற்றுச் செத்ததாக மற்றவர்கள்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"விடும்மா, தோல் உரிஞ்சிடப் போகுது," என்றாள் மகள்.

"உரியட்டும். போற எடத்துக்கும் அவ அழுக்கைச் சுமந்துக்கிட்டா போகணும்?"

அவ என்றது காரை. சக்களத்தி என்றுதான் அதற்குப் பேர் வைத்திருந்தாள். விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. போகப்போக விளையாட்டு கழன்றுபோய், பேர் மட்டும் நின்றுவிட்டது. நிஜச் சக்களத்தியாக இருந்தால் ஒருநாளாவது தெருவில் நிறுத்தி நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். இது வாயும் திறக்காமல், நின்ற இடத்தில் துருப்பிடித்துக்கொண்டே ஆளை அமுக்கிவிட்டது. அதற்குத் தரகு வேலை பார்த்தவன் டிங்கர்.

கார்களின் ஒடுக்கெடுத்துத் தகடு பற்றவைக்கிறவன் அவன். லிப்ட்காரரைவிட வயதில் சின்னவன். காலையில் அண்ணே என்று வந்து நுழைந்தால் இருட்டும்வரை நகரமாட்டான். இரண்டு பேரும் அப்படி என்னதான் பேசுவார்களோ, சிரிப்பு சமையலறை வரைக்கும் கேட்கும். அவள் போய் எட்டிப் பார்த்தால் நின்றுவிடும். "என்ன ஜோக்கு, எனக்கும்தான் சொல்லுங்களேன்," என்றால், "ஒண்ணுமில்ல, வேலை விஷயம்," என்பார் லிப்ட்காரர். வேலை விஷயத்துக்கு யாராவது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்களா? அதே வாய், அவளோடு சாப்பிட உட்கார்ந்தால் சாப்பாட்டுக்கு மட்டும்தான் திறக்கும்.

கடைசியாகக் கையில் எடுத்த வேலை பின்சக்கரங்களுக்கு. அகலமாகப் புது டயர் போட்டார்கள். அது பக்கவாட்டில் வெளியே துருத்திக்கொண்டு நின்றது. அதை மூட, சக்கரத்துக்கு மேலே அரைவட்டமாக ஒரு பட்டையைப் பின்பக்கத் தகட்டில் பொருத்த வேண்டுமாம். அவர்கள் ஃபிளேர் என்று சொன்னதை அவள் பார்த்த மாத்திரத்தில் புருவமாக்கிவிட்டாள்.

"காருக்குப் புருவம் வைக்கிறாங்களாம், புருவம்! இங்க சமையல்கட்டு ஜன்னலுக்கு ஒரு கொக்கி வைக்க நாதியில்ல," என்று மகளிடம் போனில் புலம்பித் தீர்த்தாள்.

வலது புருவம் வைத்தாகிவிட்டது. நேற்று இடது பக்கம். அவள் சாப்பிடக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வற்றி, "அந்த டிக்கியிலயே கொண்டாந்து கொட்டவா?" என்று கத்திவிட்டு உள்ளே வந்தாள். கொஞ்ச நேரங்கழித்து டிங்கரின் அலறல் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தபோது அவன் ஷெட் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தான். அவன் மடியில் லிப்ட்காரரின் தலை. கண் பாதி திறந்திருந்தது. அது அவளைப் பார்க்கவில்லை. டாக்டர் வந்து, இதயம் நின்று நேரமாகிவிட்டது என்றார்.

அந்த மடிதான் ராத்திரி முழுக்க அவள் கண்ணிலேயே நின்றது.

காலையில் வந்த நாத்தனார் செய்த காரியம் அதற்கு மேல். வாசலிலேயே ஓவென்று குரலெடுத்தவள், தையல்காரம்மாவைத் தாண்டிப் போய் மூலையில் நின்ற டிங்கரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"கொடுத்து வச்சவன்டா நீ! எங்கண்ணன் உசுரு உன் மடியிலதான போச்சு! கூடப் பொறந்த எனக்குக் கெடைக்கலியே." அப்புறம்தான் ஞாபகம் வந்தவள் போலத் திரும்பி, "பாவம், இவளுக்கும்தான் கெடைக்கல," என்றாள். "கடைசியா என்னடா சொன்னான்?"

டிங்கர் குனிந்த தலை நிமிரவில்லை. "ஒண்ணும் சொல்லலக்கா."

வந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான். அவளிடம் தலையசைத்துவிட்டு நேரே அவனிடம் போனார்கள். அவனுக்கு நாற்காலி போடு, தண்ணீர் கொடு என்று விழுந்து விழுந்து கவனித்தார்கள். மகளே சித்தப்பா என்று அவன் தோளில் சாய்ந்துதான் அழுதாள். பொறாமைதான். செத்த வீட்டில் அதற்கு வேறு மரியாதையான பேர் எதையாவது வைத்துக்கொள்ளலாம். அவள் வைக்கவில்லை. வயிறு எரிந்தது, அவ்வளவுதான்.

ஒன்றும் சொல்லவில்லையாம்! நாள் பூராவும் இவனோடு பேசித் தீர்த்த வாய் கடைசி நேரத்தில் மட்டும் பூட்டிக்கொண்டதாக்கும். எதையோ வைத்துக்கொண்டு இல்லை என்கிறான். சிரிப்பையெல்லாம் இவனே வாங்கிக்கொண்டான், போகட்டும். அந்தக் கடைசி வார்த்தை யாருக்குச் சேர வேண்டியது? இத்தனை வருஷம் அவர் சட்டைக்குப் பட்டன் தைத்தவளுக்கா, இவனுக்கா?

நகத்தை இன்னொரு தடவை அழுத்தித் தேய்த்துவிட்டு நிமிர்ந்தாள். மூலை நாற்காலி காலியாக இருந்தது. பின்பக்கத்திலிருந்து கிர்ர், கிர்ர் என்று ஸ்பேனர் திரும்பும் சத்தம் வந்தது. முன்னறையில் எல்லாத் தலைகளும் அந்தப் பக்கம் திரும்பின.

"அடப்பாவி," என்று நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள். "இன்னும் பெட்டி கூட வாசல் எறங்கலியே!"

தையல்காரம்மா பிரஷ்ஷும் கையுமாக எழுந்தாள். இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்றுதான் போனாள்.

ஷெட்டில் அவள் கண்ட காட்சி திட்ட வந்தவளையே ஒரு நொடி நிறுத்திவிட்டது. டிங்கர் காரின் பின்பக்கத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். இடது புருவத்தை ஒரு முழங்காலால் முட்டுக்கொடுத்து, கன்னத்தைத் தகட்டில் ஒட்டவைத்து, திறந்த டிக்கிக்குள் ஒரு கையை விட்டுத் துழாவினான். கை எட்டவில்லை. முழங்கால் நழுவியது. புருவம் தொங்கிப்போய், மேலிருந்த ஒற்றை போல்ட் கிறீச்சிட்டது. ஐயோ என்று இரண்டு கையாலும் தாங்கினான்.

"அவரு அங்க பெட்டியில கெடக்காரு. உங்களுக்கு இங்க வேலை கேக்குதா?"

"நேத்துலேர்ந்து ஒத்த போல்ட்ல தொங்குது அண்ணி. தகடு பூரா துரு. பாரத்துக்கு ஓட்டை கிழிஞ்சுக்கிட்டே வருது, பாருங்க." காட்டினான். போல்ட்டைச் சுற்றித் தகடு அப்பளம் மாதிரி பொரிந்திருந்தது. "இன்னொரு நட்டு மாட்டிட்டா நிக்கும். அண்ணனைத் தூக்குற வண்டி வர்றதுக்குள்ள போட்டுட்டு வந்துடலாம்னு பாத்தேன். ஒத்த ஆளால ஆகல."

"கிழிஞ்சா கிழியட்டும்."

அவன் கையை எடுக்கவில்லை. அவள் கிட்டே போனாள்.

"கடைசியா என்ன சொன்னாரு? அங்க இருக்கிறவங்ககிட்ட சொல்ல வேணாம். எங்கிட்ட சொல்லுங்க. அது எனக்குச் சேர வேண்டியது."

டிங்கர் அவளைப் பார்த்தான். உதடு கோணிக்கொண்டு போனது.

"கைய எடுக்காதடான்னாரு."

"அப்புறம்?"

"அவ்வளவுதான் அண்ணி. அவரு டிக்கிக்குள்ள படுத்து உள்ளேர்ந்து நட்டு மாட்டுறாரு. நான் வெளிய, இதோ இப்படிப் புடிச்சிருக்கேன். எடுத்தா தகடு கிழிஞ்சிடும். ஒருத்தர் மூஞ்சி ஒருத்தருக்குத் தெரியாது. கைய எடுக்காதடான்னாரு. சரிண்ணேன்னேன். அப்புறம் சத்தமில்ல. நட்டு கீழ விழுந்துருச்சு, தேடுறாருன்னு நெனச்சேன். நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருந்தேன். அண்ணி சாப்பாட்டை டிக்கியில கொட்டப் போறாங்க, சீக்கிரம் மாட்டுங்கன்னு சிரிச்சேன். கை மரத்துப்போச்சு. திட்டுவாரேன்னு அப்பவும் விடல." மூக்கை உறிஞ்சினான். "எப்பப் போனாருன்னே எனக்குத் தெரியாது."

"மடியில போட்டிருந்தீங்களே."

"அது வெளிய இழுத்ததுக்கு அப்புறம். அதுக்குள்ள ஒண்ணுமில்ல. எல்லாரும் உன் மடியிலதான போனாருன்னு கேக்கறப்ப..." நிறுத்தினான். "இல்லன்னு சொல்ல வாய் வரல அண்ணி. அப்படிப் போயிருக்கக் கூடாதான்னு எனக்கே ஆசையா இருந்துச்சு."

அவளுக்குள் சட்டென்று ஒரு சந்தோஷம் எழுந்தது. இவனுக்கும் கிடைக்கவில்லை! இத்தனை மாதமாக வேண்டிக்கொண்டிருந்த பொருள் கைக்கு வந்தவள்போல நின்றாள். அடுத்த மூச்சில் அந்தச் சந்தோஷத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இவனிடம் இருந்தால் பிடுங்கியாவது வாங்கியிருக்கலாம். யாரிடமும் இல்லாததை யாரிடம் போய்க் கேட்பது? தகட்டுக்கு அந்தப் பக்கம், இருட்டு டிக்கிக்குள், ஒரு நட்டைக் கையில் வைத்துக்கொண்டு மனுஷன் தனியாகப் போயிருக்கிறார்.

பல் பிரஷ்ஷை டயர்மேல் வைத்தாள்.

"எங்க புடிக்கணும்?"

"வேணாம் அண்ணி, கையெல்லாம் அழுக்காயிடும்."

"எங்கன்னு கேட்டேன்."

அவன் இடத்தைக் காட்டினான். உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது.

"அப்படியே இருங்க. நான் உள்ள போறேன்," என்று சொல்லிவிட்டு டிங்கர் டிக்கிக்குள் கவிழ்ந்தான். வெளியே தெரிந்த அவன் செருப்புக் கால்களும் மடங்கி உள்ளே மறைந்தன. தகட்டுக்குப் பின்னால் எதுவோ உரசியது. ஸ்பேனர் ஒரு சுற்று திரும்பியது. இன்னொரு சுற்று. அப்புறம் நின்றுவிட்டது.

அவள் காத்திருந்தாள். ஒரு சத்தமும் இல்லை. கை வலித்தது.

"தம்பி?"

காதைத் தகட்டில் ஒட்டினாள்.

"தம்பி! இருக்கீங்களா?"

"இருக்கேன் அண்ணி." குரல் தகட்டின் வழியாக, மூக்கடைத்து வந்தது. "இருக்கேன். இந்த மேல் போல்ட்டோட நட்டு அண்ணன் மாட்டினது. பாதி வரைக்கும் திருப்பியிருக்காரு."

அவள் உள்ளங்கைக்குக் கீழே தகடு நடுங்கிக்கொண்டிருந்தது. வாசலில் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. மகள் பின்வாசலுக்கு வந்து, "அம்மா, வண்டி வந்தாச்சு! அங்க என்ன பண்றே?" என்று கூப்பிட்டாள்.

"இதோ வரேன், இரு," என்றாள் தையல்காரம்மா. இன்னொரு கையையும் தூக்கி, முதல் கைக்குப் பக்கத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள்.