சிவப்புக்குச் சிவப்பு

சுடலைக்கண்ணன் திரும்பி வந்ததே பூமாரிக்குப் பிடிக்கவில்லை. புருஷனின் தம்பிதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இரண்டு வருஷமாகக் காட்கோபரில் ஆதர்ஷின் டிஜே செட்டில் வேலை பார்த்தவன் அவன். அந்த ஆதர்ஷ் தாராவிக் கோயில் கொடைத் திருவிழாவின் சவுண்டு வேலையைத் தட்டிப் பறிக்க அலைகிற நேரமாகப் பார்த்து, "மதினி, ஒரு வூஃபர் போயிட்டாம்லா? நான் பாத்துத் தாரேன்" என்று வந்து நின்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

பூமாரியின் சவுண்டு சர்வீஸுக்குச் சொத்து என்றால் இரண்டு பழைய ஹாரன் பெட்டிகள்தான். பீரோ உயரம் இருக்கும். வாய் விரிந்த மரக்குழலின் தொண்டைக்குள் பெட்டிக்கொரு வூஃபர், அடிச்சத்தம் தருகிற ஸ்பீக்கர். கொடையில் வில்லுப்பாட்டுக்காரர் குடத்தைத் தட்டினால் அந்தக் 'கும்' கடைசிச் சந்து வரைக்கும் போய் நெஞ்சில் இடிக்கும். அந்தக் குடத்துக்குத்தான் சாமி வரும். இந்த வருஷம் குடம் சரியாகக் கேட்கவில்லையென்றால் அடுத்த கொடைக்குக் காட்கோபர் செட்டுதான் என்று கமிட்டித் தலைவர் பிரம்மநாயகம் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். கொடையே போனபிறகு கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் எவன் கூப்பிடுவான்? புருஷன் இசக்கிப்பாண்டி நெருளில் வண்டி ஓட்டுகிறான். செட்டு முழுக்க அவள் தலையில்.

ஜெயினுலாப்தீனின் ஸ்பீக்கர் கடையில் இரண்டு வூஃபர்களை எடுத்து வைத்தார்கள். ஒன்று புத்தம் புதுசு, ஆயிரம் வாட்ஸ், பளபளவென்று இருந்தது. இன்னொன்று அதில் பாதி வாட்ஸ்கூட இல்லை. சுடலைக்கண்ணன் இரண்டிலும் முன்னால் அதிர்கிற தாளையும் விரலால் அமுக்கினான், நகத்தால் தட்டினான், அழுமூஞ்சியாக இருந்ததையே எடுத்தான்.

"ஏலே, பெருசை விட்டுட்டு இதை எதுக்கு எடுக்கே?"

"அது தாளு ரொம்பக் கனம் மதினி. நம்ம பெட்டிக்குள்ள சோம்பேறி மாரி கெடக்கும். ஹாரனுக்கு லேசான தாளும் பெரிய காந்தமும்தான் வேணும். அதுக்கப்புறம் பெட்டி பாத்துக்கிடும்."

"பராபர் சொல்றாப்ல" என்று ஜெயினுலாப்தீனும் தலையாட்டினார். பூமாரிக்கு அந்தத் தலையாட்டலும் பிடிக்கவில்லை. இரண்டு பேரும் சேர்ந்தே ஏதோ ஜோல் பண்ணி ஏமாற்றுகிறார்கள் என்று தோன்றிவிட்டது. ஆனாலும் என்ன செய்ய? கொடை மறுநாள்.

மறுநாள் பகலில் கோயில் முன்னால் வூஃபரை மாட்டி, பின்பலகையைத் திருகிவிட்டு, சாப்பிடப் போனான் சுடலைக்கண்ணன். போனவன் தெரு முக்குத் திரும்பியதுதான் தாமதம், பூமாரி ஸ்குரூடிரைவரைக் கையில் எடுத்துவிட்டாள். பலகையைக் கழற்றி டார்ச் அடித்தாள். அடப் பாவி! சிவப்பு வயரைக் கறுப்பு முனையில் செருகியிருந்தான், கறுப்பைச் சிவப்பில். பக்கத்துப் பெட்டியைத் திறந்து பார்த்தாள். அதில் சிவப்புக்குச் சிவப்பு, ஒழுங்காக இருந்தது. வேண்டுமென்றே மாற்றி மாட்டியிருக்கிறான்! இருபது வருஷமாக வயர் சுருட்டுகிறவளுக்கு இதுகூடவா தெரியாது? மாற்றிச் செருகி, பலகையை மூடி, ஒன்றும் தெரியாதவள்போல் உட்கார்ந்துகொண்டாள்.

சாயங்காலம் வில்லு ஆரம்பித்தது. குடம் தட்டினார்கள். கும் வரவில்லை. கூட்டத்துக்கு நடுவே தகர டப்பாவைத் தட்டுகிறாற்போல் கேட்டது. ஒரு பெட்டியின் வாயருகே போய் நின்றால் கேட்கிறது, நடுவில் வந்தால் காணவில்லை. சனம் திரும்பித் திரும்பிப் பார்த்தது. வில்லுக்காரர் பாட்டை நிறுத்திவிட்டார்.

பூமாரிக்குத் தலைக்கு ஏறிவிட்டது. வயரைத் திருப்பியது போதாதென்று டூப்ளிகேட் வூஃபரையும் தலையில் கட்டிவிட்டானே!

"அந்த ஆதர்ஷ் அனுப்பித்தானலே நீ வந்தே?" கோயிலே கேட்கிற மாதிரி கத்தினாள். "உங்க அண்ணன் வீட்டுச் சோத்துல மண்ணள்ளிப் போடத்தான வந்தே?"

சுடலைக்கண்ணன் ஆம்ப்ளிஃபயர் வயரை உருவினான். பின்பலகையைக் கழற்றினான். சிவப்பு முனையில் சிவப்பு வயர் செருகியிருந்ததைப் பார்த்தான். பிறகு கார்ட்லெஸ் மைக்குக்குப் போடும் சதுர பேட்டரியை எடுத்துக்கொண்டு, "மதினி, முன்னால போயி டார்ச் அடிச்சு உள்ள பாருங்க" என்றான்.

பழைய வூஃபர் இருந்த பெட்டியின் வயரில் பேட்டரியைத் தொட்டான். குழலுக்குள்ளே தாள் வெடுக்கென்று உள்ளே இழுத்துக்கொண்டது. அதேபோல் புது வூஃபர் மாட்டிய பெட்டியில் தொட்டான். தாள் வெளியே தள்ளியது.

பக்கத்தில் வந்து, அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னான்: "நம்ம பழசு அந்தக் காலத்து வேலை, சிவப்புல குடுத்தா உள்ள இழுக்கும். புதுசு தள்ளும். ஒண்ணு தள்ள, ஒண்ணு இழுக்க, நடுவுல என்ன மிஞ்சும்? அதான் மாத்தி மாட்டுனேன். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா?"

அவன் வயரைப் பழையபடி மாற்றினான். "லூஸ் காண்டாக்ட்டு, வேற ஒண்ணுமில்ல" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னான்.

குடத்தில் அடி விழுந்தது. கும்! பூமாரியின் அடிவயிறு அதிர்ந்தது. சாமியாடி துள்ளி எழுந்தார், பெண்கள் குலவை போட்டார்கள். பிரம்மநாயகம் வெற்றிலையோடு வந்து அவள் காதருகே குனிந்தார்.

"அடுத்த வருஷமும் நீதாம்மா. அந்தப் பயலை மட்டும் இனிமே பெட்டிகிட்ட அண்டவிடாத. நீ சொன்னது சரிதான்."

"அண்ணாச்சி, அவன் இல்ல. வயரை மாத்துனது நான்!"

கும். பிரம்மநாயகம் காதில் கையை வைத்துக்கொண்டு சிரித்தார். தொண்டை கிழிய மறுபடி கத்தினாள். கும், கும். யாருக்கும் கேட்கவில்லை. மெயின் சுவிட்சில் கை வைத்தாள். சாமி வந்து ஆடும்போது சத்தத்தை நிறுத்த முடியுமா? கை தானாகக் கீழே இறங்கியது.

பெட்டிக்கு அந்தப் பக்கம் சுடலைக்கண்ணன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தான். "கண்ணா! கண்ணா!" என்று கூப்பிட்டாள். அவன் ஒருமுறை ஹாரனைத் திரும்பிப் பார்த்தான். பிறகு போனைக் காதில் வைத்து, மறுகாதைப் பொத்திக்கொண்டு, காட்கோபர் பஸ் நிற்கும் பக்கமாக நடந்தான்.