கறுப்புச் சட்டை இருந்த இடம்

அந்தி நேரத்தில் யாரோ வாய்க்காலுக்கு அந்தப் பக்கமிருந்து என் அண்ணன் வைரக்கண்ணுவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். நான் உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தேன். குரல் காதில் விழுந்தது, யாருடையது என்று பிடிபடவில்லை. பண்ணையின் பினாமி நிலத்தில் ஆளுக்கு ஐந்து மா கேட்டு எங்கள் தெரு கொடி நட்டிருந்த சமயம் அது. தெரியாத குரலுக்கு அண்ணன் படியிறங்கியிருக்க மாட்டான்.

அவன் போட்டிருந்த கறுப்புச் சட்டையில் நடுப் பொத்தான் இல்லை. தைத்துத் தருகிறேன் என்றேன். வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று என் வளையலில் கிடந்த ஊக்கைக் கழற்றிக் குத்திக்கொண்டு போனான். மறுநாள் மதகடியில் கிடந்த உடம்பில் சட்டை இல்லை. ஊக்கைப் பற்றி நான் யாரிடமும் சொல்லவில்லை. போலீஸ் கேட்கவுமில்லை. கூப்பிட்டது யார் என்பது மட்டும் ஒரு வருஷமாக என்னைத் தூங்க விடவில்லை.

நன்னிலத்தில் மீரா உசேன் பாயிடம் அப்போது வேலை பார்த்தேன். அவர் துபாயிலிருந்து கொண்டுவந்த வீடியோ மிக்ஸரில், கல்யாணப் படங்களுக்குப் பெயர் அடித்துப் போடுவேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. கீ பொத்தானை அழுத்தினால் மிக்ஸர் கறுப்பை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கேமரா காட்டுவதை வைக்கும். எழுத்து மட்டும் மாப்பிள்ளை பெண்ணின் மேல் நிற்கும்.

1997 தையில், அறுப்பு முடிந்த வயலோரம் பந்தல் போட்டு அண்ணனுக்கு முதல் வருஷ நினைவுக் கூட்டம் நடத்தினோம். பின்வரிசைக்காரர்களும் பார்க்கட்டும் என்று பாய் மிக்ஸரையும் இரண்டு டிவிப் பெட்டிகளையும் கொண்டுவந்தார். கூட்டத்தின் நடுவே அண்ணனும் இருப்பதுபோல் காட்ட நினைத்தேன். இருந்தது ஒரே போட்டோ, அதே கறுப்புச் சட்டையில் எடுத்தது. அதைக் கறுப்பு அட்டையில் ஒட்டி இரண்டாவது கேமராவின் முன் நிறுத்தினேன்.

பாய் பார்த்தார். "வேற சட்டையில படம் இல்லையா, அம்சம்? இந்த மிஷினுக்குக் கறுப்புன்னா ஓட்டை."

இல்லை என்றேன்.

"உங்கண்ணன் உயிரோட இருந்தா இதுகிட்டயும் போராட்டம் நடத்தியிருப்பான்," என்றார்.

அழுத்தினேன். நெற்றியும் கன்னமும் பல்லும் நின்றன. தலைமுடி, கண்மணி, மார்பு எல்லாம் போய்விட்டன. சட்டை இருந்த இடத்தில் கூட்டம் தெரிந்தது. கூட்டத்தைப் பிடித்த கேமரா நகர நகர, ஒவ்வொருவராக அண்ணனின் மார்புக்குள் வந்து போனார்கள்.

மார்பின் நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி நின்றது. போட்டோவில் வெளிச்சம் பட்டிருக்கும் என்று அட்டையைச் சாய்த்தேன். புள்ளி நகரவில்லை. மேலே இருந்த விளக்கை அணைக்கச் சொன்னேன். அப்போதும் இருந்தது.

கேமரா அமிர்தலிங்கத்திடம் வந்து நின்றது. அண்ணனோடு ஒரே தட்டில் சாப்பிட்டவர். அண்ணன் செத்த அன்று பேராவூரணியில் தேங்காய் லோடு ஏற்றிக்கொண்டிருந்ததாகச் சொன்னவர். டிவியில் தன் முகத்தைப் பார்த்ததும் எழுந்து, இரண்டு வரிசை பின்னால் போய் உட்கார்ந்தார். அங்கேயும் அவர் முகம்தான் மார்புக்குள் இருந்தது. தான் கேமராவைத் தொடவேயில்லை என்று கேமராக்காரர் துரைக்கண்ணு பிற்பாடு சத்தியம் செய்தார்.

அமிர்தலிங்கம் எழுந்து நேராக என் மேசைக்கு வந்தார். மெதுவாகத்தான் பேசினார்.

"அதை எடுத்துடு தங்கச்சி."

"எதைண்ணே?"

"அந்த ஊக்கு. மின்னுது பாரு."

என் விரல் கீ பொத்தானின் மேல் இருந்தது. மறுபடி அழுத்தியிருந்தால் எல்லாம் மறைந்திருக்கும்.

"எந்த ஊக்குண்ணே?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு பாயைப் பார்த்தார். துண்டை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டார்.

"பண்ணையில கூப்பிட மட்டும்தான் சொன்னாங்க," என்றார்.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துக் குரல் அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது.

"அன்னிக்குக் கூப்பிட்ட மாதிரி இன்னொரு தடவ கூப்பிடுங்கண்ணே," என்றேன்.

அவர் கூப்பிடவில்லை. பாய் அவர் தோளில் கைவைத்து, எங்கும் போகவேண்டாம் என்று சொன்னார். நான் டிவியைப் பார்த்தேன். அண்ணனின் மார்புக்குள் காலி நாற்காலி ஒன்று இருந்தது. வெள்ளைப் புள்ளியைக் காணவில்லை.