அம்புப் பலகைகள்

ஒரு காலத்தில் அந்தச் சாலைக்கு ஓர் எண் இருந்தது. மாநில நெடுஞ்சாலை என்ற மதிப்பும் இருந்தது. ஊருக்கு வெளியே புறவழிச்சாலை வந்ததும், துறை இதைக் கைகழுவிவிட்டது. விளக்குக் கம்பங்களைக்கூடப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். நடுவிலிருந்த வெள்ளைக் கோடு தேய்ந்தே போயிற்று. நகராட்சியோ, எங்களுக்கென்ன வந்தது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது. யாருக்கும் சொந்தமில்லாத சாலை ராத்திரியில் எப்படிக் கிடக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள், கண்ணுகளா.

சாலைப் பலகைகளைக் கழற்றும் வேலை போர்டுக்காரருக்கு வந்தது. அவற்றை மாட்டியவரும் அவர்தான். வளைவுகளில் நிற்குமே, மஞ்சளில் கறுப்பு அம்பு போட்டு, வெளிச்சம் பட்டால் நெருப்பாய் எரியும் பலகை, அதைக் குப்பையில் வீச அவருக்கு மனசு வரவில்லை. துடைத்துப் பளபளப்பாக்கி, சாலையோர வீடுகளுக்கெல்லாம் சும்மாவே கொடுத்தார். சிலருக்குக் கோழிக்கூட்டுக்கு மறைப்பு. அவர் வீட்டு வாசலில், சாலையைப் பார்த்த குளியலறைக்குக் கதவு. தங்கை வீட்டில், கண்ணாடி உடைந்த முன்னறை ஜன்னலுக்கு அடைப்பு.

"அம்பு வெளியே தெரியுதேண்ணே?" என்றாள் தங்கை.

"அந்தப் பக்கந்தாம்மா மழைக்குத் தாங்கும். என் தொழிலு எனக்குத் தெரியாதா?"

"சரிதான். இனிமே கவர்மெண்டே எங்க வீட்டுக்கு வழி காட்டும்!"

இருவரும் சிரித்தார்கள்.

அந்த வருஷ மழையில் புறவழிச்சாலை முழுகிவிட்டது. லாரிகள் பழைய சாலைக்கே திரும்பின. ஒரு நாள் மழை இருட்டிக்கொண்டு வந்த சாயங்காலம், ஒரு லாரி போர்டுக்காரர் வீட்டு வேலியைப் பிய்த்துக்கொண்டு உள்ளே வந்தது. துணி துவைக்கும் கல்லை உடைத்து, குளியலறைக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. அவர் மனைவி அப்போதுதான் வாளியோடு வெளியே வந்திருந்தாள்.

டிரைவர் கதவைத் திறந்து இறங்கினான். "அம்பு காட்டுச்சுண்ணே. ரோடு வளையுதுன்னு நெனச்சுட்டேன்."

"நல்லா இருக்கு! குளிக்கிற எடத்துக்கு ஊரையே கூப்பிட்டு வெச்சிருக்காரு மனுஷன்!" என்றாள் மனைவி. குரல்தான் கிண்டலாக இருந்தது. வாளியைக் கீழே வைக்க மறந்து நின்றாள்.

போர்டுக்காரர் தங்கை வீட்டுப் பக்கம் திரும்பினார். தங்கை வீட்டு முன்னறையில், அந்த ஜன்னலுக்குக் கீழேதான் பிள்ளைகள் உட்கார்ந்து படிப்பார்கள். தங்கைக்குப் போன் போட்டு, காதில் வைத்தபடியே சாலையில் இறங்கி ஓடினார். இன்னொரு லாரி அவர்மேல் சேற்றை வாரியடித்துவிட்டு முன்னால் போயிற்று.

"பசங்கள பின்கட்டுக்குக் கூட்டிட்டுப் போ! அந்தப் போர்டு மேல போர்வையைப் போடு, வெளிப்பக்கமா!"

"என்னண்ணே, கொட்டுற மழையில..."

"கேள்வி கேக்காதடி! போடு!"

தூரத்தில் லாரி வெளிச்சம் பட்டு மஞ்சள் அம்பு எரிந்தது. லாரி மெதுவாகியது. சட்டென்று அம்பு அணைந்தது. லாரி ஒரு கணம் தயங்கி, நேராகவே போய்விட்டது.

போர்டுக்காரர் நடுச்சாலையிலேயே முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். போனில் பிள்ளைகளின் சிரிப்பு கேட்டது. அப்பாடா என்று நிமிர்ந்தார்.

தங்கை வீட்டுக்கு அப்பால், இருட்டுக்குள், இன்னொரு அம்பு எரிந்தது. அவர் கையால் துடைத்துக் கொடுத்ததுதான். அந்த வீட்டு ஜன்னலில் விளக்கு தெரிந்தது.

லாரி ஒழுங்காகச் சிக்னல் போட்டு, இடப்பக்கம் திரும்பத் தொடங்கியது.