திவசத்துக்குப் படியேறி வந்தவர்

தீபாவளிக்கு மறுநாள் வெள்ளவத்தையில் அந்த ஐந்தாம் மாடி வீட்டில் இருந்தவர்கள் ஆதப்பன் செட்டியார், அவருடைய மனைவி மீனாள் ஆச்சி, நகரின் மறுகோடியான கொட்டாஞ்சேனையிலிருந்து வந்திருந்த தம்பி நவநீதகிருஷ்ணன், இரண்டாம் மாடியில் குடியிருக்கும் பஸ்லா, குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஒஸ்வால்ட், ஒரு காகம். காகம் அத்தனை மாடிகளையும் படி வழியாக நடந்தே ஏறி வந்தது. வேறு யாரும் அங்கே இருக்கவில்லை. இருந்ததாகச் சொல்லிக்கொள்கிறவர்கள் பின்னால் கேள்விப்பட்டவர்கள்.

காகம் ஏன் நடந்தது என்பதற்கு முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும். கட்டடம் இருக்கும் ஒழுங்கையில், அந்தச் சிறு தெருவில், தீபாவளியன்று முதல் சீனவெடிச் சரத்தை ஆதப்பன் குடும்பம்தான் கொளுத்தும். அவருடைய தகப்பனார் காலத்தில் ஏற்பட்ட உரிமை அது. நாடு மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற வருஷத்தில்கூட விட்டுக்கொடுக்கப்படவில்லை. தீபாவளிக்கு முந்திய வாரம் சங்கக் கூட்டத்தில் ஒஸ்வால்ட் எழுந்து, கட்டட வளவில் இனி வெடி வேண்டாம் என்று பிரேரணை கொண்டுவந்தார். புகையைச் சொன்னார், கட்டிலுக்கடியில் ஒடுங்கும் நாய்களைச் சொன்னார், மரத்திலிருந்து விழும் பறவைகளைச் சொன்னார், மழைநீர்க் கான் வழியாகக் கடலுக்குப் போகும் காகிதக் குப்பையைச் சொன்னார். "மிஸ்டர் ஆதப்பன், தீபாவளியை நிப்பாட்டச் சொல்லேல்ல. வெடியைத்தான் சொல்லுறன். எங்கட நத்தாருக்கும் அதே சட்டம்தான்" என்று கிறிஸ்துமஸையும் சேர்த்துக்கொண்டார். ஆதப்பன் உட்கார்ந்தபடியே, "புகை கடலுக்குத்தானே போகுது. கடல் ஒண்ணும் கம்ப்ளெயின்ட் பண்ணலையே" என்றார். "கடல் மீட்டிங்குக்கு வராது" என்றார் ஒஸ்வால்ட். பாதிப் பேர் சிரித்தார்கள், பாதிப் பேர் வீட்டுக்குப் போய்விட்டார்கள், முடிவு எதுவும் எழுதப்படவில்லை.

தீபாவளிக் காலையில் சரம் வெடித்து முடிந்ததும் புகை கடற்பக்கம் போகாமல் ஒழுங்கைக்கு மேலேயே நின்றது. அதற்குள்ளிருந்து காகங்கள் ஒவ்வொன்றாக இறங்கி வந்து, சிறகை மடக்கிக்கொண்டு, தார் ரோட்டில் நடக்கத் தொடங்கின. மாலைக்குள் வெள்ளவத்தையில் பறக்கிற காகம் ஒன்றுகூட இல்லை. காலி வீதி என்ற பெருந்தெருவைப் பாதசாரிகளுக்கான மஞ்சள் கோட்டில்தான் கடந்தன. தெஹிவளைக்குப் போக வேண்டியவை பஸ்ஸில் ஏறின. கொண்டக்டர்கள் முதலில் விரட்டினார்கள், பிறகு பின்னுக்குப் போகச் சொன்னார்கள். மிருக வைத்தியர் ஒருவர் நாலைந்தைப் பிடித்துப் பார்த்துவிட்டு, சிறகில் குறையில்லை, வானத்தின் மேல்தான் நம்பிக்கை போய்விட்டது என்றார். மொட்டை மாடியில் துணி காயப்போடுகிறவர்களுக்கு இதனால் நன்மை உண்டானதையும் மறைப்பதற்கில்லை.

ஆதப்பனின் தகப்பனார் ஐப்பசி அமாவாசையில் காலமானவர். ஆகவே அந்தக் குடும்பத்தில் தீபாவளியும் திவசமும் அடுத்தடுத்தே வரும். திவசத்தன்று இலையில் சோறு வைத்துக் காகத்தைக் கூப்பிடுவார்கள். காகமாக வருகிறவர் அப்பச்சி, அந்தத் தகப்பனார்தான்; அவர் பசியாறிய பிறகே மற்றவர்கள் சாப்பிடலாம். முதல் நாள் வெடி வைத்து விரட்டியவரைத்தான் மறுநாள் சோறு வைத்துக் கூப்பிடுகிறோம் என்று இத்தனை வருஷத்தில் யாருக்கும் தோன்றியதில்லை. எங்கிருந்தாவது ஒரு காகம் வந்துவிடும், தோன்ற வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

இந்த முறை மொட்டை மாடிச் சுவரில் இலை வைத்து ஆதப்பன் தொண்டை கட்டும்வரை கூப்பிட்டார். கீழே ஒழுங்கையில் காகங்கள் தலையைத் தூக்கிப் பார்த்தன, பிறகு தங்கள் வழியில் நடந்தன. மத்தியானம் கடந்தது. சோறு காய்ந்தது. இலையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் வந்த ஆதப்பனிடம், நவநீதகிருஷ்ணன் மனதில் வெகுநாளாக இருந்ததைச் சொன்னார்.

"அண்ணே, கொட்டாஞ்சேனையில காகம் பறக்குது. அடுத்த வருஷத்திலேருந்து திவசத்தை என் வீட்டில வச்சுக்குவோம்."

"மூத்தவன் நான் இருக்கேன்ல."

"அதுக்கில்லண்ணே. அப்பச்சி பட்டினி கிடக்கக் கூடாதில்ல."

"அப்பச்சிக்கு வெடின்னா உயிர். அவர் பேரிலதான் வருஷா வருஷம் கொளுத்துறேன்."

"அது அவர் மனுஷனா இருந்தப்ப" என்றார் தம்பி.

ஆதப்பன் இலையைக் கூடத்துத் தரையில் வைத்தார். திவசம் மூத்தவன் வீட்டை விட்டுப் போனால், பிறகு கல்யாணப் பத்திரிகையில் முதல் பெயரும் போகும், சபையில் முதல் நாற்காலியும் போகும். உறவுக்காரர்கள் காரணம் கேட்பார்கள், காகம் வரவில்லை என்று சொல்ல வேண்டியிருக்கும். மீனாள் ஆச்சி, "அண்ணன் தம்பி பஞ்சாயத்தைப் பிறகு வச்சுக்கங்க. சீனி வருத்தத்துக்குக் குளுசை போட்டவ நான், சாப்பிடாம எனக்குத் தலை சுத்துது" என்றார். அப்போதுதான் பஸ்லா கீழிருந்து ஆச்சிக்குப் போன் எடுத்தாள்.

"ஆச்சி, எங்கட வாசல்ல ஒரு காக்கா நிண்டு மூச்சு வாங்குது. தண்ணி வெச்சேன், குடிச்சிட்டு மேல ஏறுது. உங்கட வீட்டுக்குத்தான் போல ஈக்கிது."

எல்லோரும் வாசலுக்கு வந்தார்கள். காகம் ஒவ்வொரு படியாகக் குதித்து, திருப்பங்களில் இளைப்பாறி, ஏறிக்கொண்டிருந்தது. பின்னால் பஸ்லா, அவளுக்குப் பின்னால் ஒஸ்வால்ட். "லிஃப்ட்டைத் திறந்து விட்டனான். உள்ளுக்க பாத்துட்டு, வேண்டாமெண்டு வந்திட்டுது" என்றார் அவர். கடைசி மூன்று படிகள் இருக்கும்போது காகம் நின்றது. செருப்புத் தட்டின் மேல், கார்த்திகைக்கு என்று மிச்சம் வைத்த வெடிப்பெட்டி இருந்தது. காகம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றது.

ஆதப்பன் பெட்டியை எடுத்து உள் அறையில் வைத்துவிட்டு வந்தார். காகம் ஒரு படி கீழே இறங்கியது. நவநீதகிருஷ்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மீனாள் ஆச்சி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். ஒஸ்வால்ட் தன் கால் சப்பாத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தார், அது அவருடைய பெருந்தன்மை. ஆதப்பன் திரும்பவும் உள்ளே போனார். குளியலறைக் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. வாளி நிரம்பியதும் பெட்டியை அதற்குள் அமுக்கி, குமிழி நிற்கும்வரை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். தகப்பனார் கற்றுக்கொடுத்த ஒன்றை அவர் வாழ்க்கையில் கைவிட்டது அந்த ஒரு முறைதான். கையை வேட்டியில் துடைத்தபடி வாசலுக்கு வந்தார். காகம் படியேறி, நிலைப்படி தாண்டி, கூடத்தின் நடுவாக நடந்து இலைக்கு வந்தது. சோற்றைத் தின்றது, பருப்பைத் தின்றது, வடையை இரண்டாம் முறையும் எடுத்தது. பிறகு வந்த வழியே இறங்கிப் போனது. மீனாள் ஆச்சி எல்லோருக்கும் இலை போட்டார். பஸ்லா தயிர் மட்டும் வாங்கிக்கொண்டாள். கொட்டாஞ்சேனைப் பேச்சு அதற்குப் பிறகு எடுக்கப்படவில்லை.

வெடியைத் தடைசெய்யலாமா என்று நகரத்தில் இன்னமும் கதைத்துக்கொண்டிருக்கிறார்கள். சட்டம் எதுவும் வந்தபாடில்லை. அந்த ஒழுங்கையில் சட்டம் தேவைப்படவில்லை. முதல் சரம் கொளுத்த உரிமையுள்ளவர்கள் கொளுத்தாதபோது இரண்டாவது சரத்தை யார் கொளுத்துவது என்று தெரியாமல், அடுத்து வந்த இந்த வருஷத் தீபாவளி இனிப்புப் பெட்டிகளோடு முடிந்தது. அதற்கு வெகு முன்பே, தைப்பொங்கலுக்குள்ளேயே, காகங்களில் பெரும்பாலானவை பறக்கத் தொடங்கிவிட்டன. நடந்து பழகிய சில இன்னும் நடக்கின்றன. மஞ்சள் கோட்டில் அவற்றுக்காக வாகனங்கள் நிற்கின்றன, யாரும் ஹோர்ன் அடிப்பதில்லை.

ஆதப்பன் செட்டியார் அன்று வாசலில் காகத்தின் காலில் விழுந்து அழுதார் என்று கொட்டாஞ்சேனையில் ஒரு கதை உலவுகிறது. அது பொய். அவர் விழவுமில்லை, அழவுமில்லை. கதவை முழுதாகத் திறந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, "வாங்க அப்பச்சி" என்றார். அவ்வளவுதான்.