சினை ஊசிக் கேனும் ஒற்றை இரும்பணுவும்

1.

இந்தக் கதை எனக்குக் குழித்துறைச் சந்தையில் கிடைத்தது. மீன் வாங்கப் போயிருந்தேன். அடுத்த வீட்டு ஜினிஷா, ஐஸ் பெட்டிக்காரரிடம் எரிச்சலோடு கேட்டுக்கொண்டிருந்தாள்: "அண்ணா, இந்த ஐஸு மைனஸ் நூத்திநாப்பது வருமா?"

"மக்களே, மீனுக்கு அவ்வளவு குளிரு வேண்டாம்."

இதைவிட நல்ல தொடக்கம் எனக்கு அமையாது. எழுத உட்கார்ந்துவிட்டேன்.

2.

ஜினிஷா ஒரு கல்லூரியில்* வேதியியல் ஆராய்ச்சி மாணவி. அவள் செய்தது ஒரு வெள்ளைப் பொடி. மூலக்கூறுக்கு நடுவில் ஒரே ஒரு இரும்பணு. குளிரவைத்துக்கொண்டே போனால், மைனஸ் நூற்றுநாற்பது டிகிரிக்கு அருகில் பொடி கத்தரிப்பூ நிறமாகும். சூடானால் மறுபடி வெள்ளை. எந்தக் குளிரில் எவ்வளவு மாறுகிறது என்று பார்ப்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி.

[மனிதர்களும் அப்படித்தான், சூழலின் வெப்பத்துக்கேற்ப நிறம்— அடித்துவிட்டேன். வேதியியலைத் தொட்ட எழுத்தாளன் எவனும் விழுகிற குழி இது.]

* பெயர் சொல்லமாட்டேன். வக்கீல் நோட்டீஸ் வாங்க எனக்குத் தெம்பில்லை.

3.

அவளுடைய வழிகாட்டி ஜான்ரோஸ் சார். முதலில் வில்லனாக எழுதினேன், ஒட்டவில்லை. மனிதர் அவசரக்காரர், அவ்வளவுதான். அவ்வளவு குளிரில் அளக்கக் கல்லூரியில் வசதியில்லை, பொடியை வெளியூர் அனுப்பியிருந்தார்கள். முடிவு வருமுன் நிருபர் வந்துவிட்டார். 'ஐஸில் வைத்தால் நிறம் மாறும் அதிசயப் பொடி! மீன் கெட்டதா? இனி பொடி சொல்லும்!' சார் படத்தோடு செய்தி. அதை நம்பி, பொடியைப் பார்க்க ஒரு கமிட்டியும் கிளம்பிவிட்டது.

"சார், ஐஸுல மாறாது."

"அதுவும் குளிரு, இதுவும் குளிரு. ஐஸ் தண்ணியில ரெண்டு சொட்டு நீலம் விடு பிள்ளே. வேட்டியே நெறம் மாறுது, பொடி மாறாதா?"

"அது கள்ளத்தரம் இல்லியா சார்?"

"ஒனக்க தீசிஸுல நான் ஒப்பு போடணுமா, வேண்டாமா?"

4.

'கல்லூரி வாசலில் நின்று ஜினிஷா அழுதாள்' என்று எழுதியிருந்தேன். நேற்று வாசித்துக் காட்டியதும் சண்டைக்கு வந்துவிட்டாள்.

"நான் எங்க அண்ணா அழுதேன்? கோவத்துல ரெண்டு பழம்பொரி தின்னேன்."

மாற்றிவிட்டேன். கதைக்கு யோசித்திருந்த இரண்டு முடிவுகளையும் வாசித்தேன்.

முடிவு அ: அவள் மேடையில் உண்மையைச் சொல்கிறாள். கமிட்டி கைதட்டுகிறது.

விழுந்து விழுந்து சிரித்தாள். "கமிட்டி கைதட்டும். ஒப்பு யாரு போடுவா, நீங்களா?"

முடிவு ஆ: பொடியை நீலத் தண்ணீரில் முக்குகிறாள்.

சிரிப்பு நின்றுவிட்டது. "அத எழுதாதிய அண்ணா. எனக்க பொடி நெசமாட்டே மாறும். வெளியூரு லேபுல நான் கண்ணால பாத்திருக்கேன்."

அந்த முடிவையும் அடித்துவிட்டேன். ஆகவே இன்று காலை அவளை என் பைக்கில் ஏற்றிக்கொண்டு, வீடு வீடாகப் போய் மாட்டுக்குச் சினை ஊசி போடுகிற குமாரதாஸைப் பார்க்கப் போனேன். காளை விந்து கெடாமலிருக்க அவர் கேனில் திரவ நைட்ரஜன் வைத்திருப்பார். பொடி மாறத் தேவையான குளிருக்கும் மேலான குளிர் அது.

"ஒங்க வீட்டுல பசு இல்லியே மக்களே?"

"பொடிக்கு, அண்ணாச்சி."

"பொடிக்குச் சினை ஊசியா! படிச்ச பிள்ளைய காரியம்!" கொஞ்சம் குடுவையில் ஊற்றிக் கொடுத்தார். "மூடிய இறுக்காத, வெடிச்சிரும். ஆவியாயிப் போயிட்டே இருக்கும், கேட்டியா. சட்டுன்னு முடிச்சிரு."

5.

சட்டென்று! குமாரதாஸ் எங்கள் ஊர் விழா எதற்கும் வந்ததில்லை போலும்.

இதைக் கமிட்டிக்காகக் கல்லூரியில் நடக்கும் விழாவில், கடைசி வரிசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஜெபம் முடிந்தது. தமிழ்த்தாய் வாழ்த்து முடிந்தது. வரவேற்புரையில் ஜான்ரோஸ் சார் மீனைப் பற்றியே பேசினார். இப்போது பொன்னாடை. கமிட்டிக்கு, முதல்வருக்கு, தாளாளருக்கு, தாளாளரின் மச்சானுக்கு. செய்முறை விளக்கம் கடைசியில், நன்றியுரைக்குச் சற்று முன்பு.

மேசையில் சாருடைய நீல ஐஸ் தண்ணீர். பக்கத்தில் குடுவை, புகைந்துகொண்டிருக்கிறது. ஜினிஷா கையில் பொடி இருக்கும் கண்ணாடிக் குழாய். மச்சானின் பொன்னாடை நழுவுகிறது. மறுபடி போர்த்தி மறுபடி படம் எடுக்கிறார்கள். ஜினிஷா குடுவையைப் பார்க்கிறாள், சாரைப் பார்க்கிறாள். அவள் முறை வர நேரமிருக்கிறது, அதுவரை குடுவை தாங்காது. நாற்காலியைப் பின்னால் தள்ளி—

இதற்கு மேல் எனக்கு வரவில்லை. எழுந்தால் அவளுக்கு சார் போடவேண்டிய ஒப்பு போகும். உட்கார்ந்தால் பொடி போகும். எப்படி முடித்தாலும் எனக்கு ஒன்றும் போகாது. அதனால் முடிக்கிற யோக்கியதை எனக்கில்லை. வாசகரே, நீங்கள் சொல்லுங்கள், எழுந்தாளா?

யோசித்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். குடுவையில் புகை இப்போது நூலளவுதான் தெரிகிறது.